பாறைக்குப் பேர் வைக்கும் டான் எர்மீலோ

பாறையைப் பாறை என்று சொல்ல நாக்கு கூசும் மனிதர்கள் ஓர் இனம். அவர்கள் கண்ணில் ஒரு கல் பட்டால் அது கல்லாகத் திரும்பிப் போக முடியாது. ஒன்று அழுகிற கன்னியாக வேண்டும், இல்லையென்றால் தூங்குகிற அரசனாக வேண்டும், இரண்டுக்கும் தோதுப்படவில்லை என்றால் சாபம் வாங்கிய பாதிரியாராகவாவது ஆகித் தொலைக்க வேண்டும். மலை இரண்டாகப் பிளந்து நடுவே ஆறு ஓடுகிற இடங்களில் இந்த இனம் கொழுகொழுவென்று வளரும். எங்கள் சியாபாஸ் மாநிலத்தில், சான் லாசரோ படகுத்துறையில், அந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஆள் ஒருவர் இருக்கிறார். பெயர் டான் எர்மீலோ.

அவர் படகில் ஏறினால் நடப்பது இதுதான். ஆறு குறுகி, இரண்டு பக்கமும் மலைச்சுவர் எழும்பி, வானம் ஒரு நாடாவைப் போல ஆகும் இடம் வந்ததும் மோட்டாரை அணைப்பார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைப்பார். ஒரு பெருமூச்சு.

"இந்த இடத்துக்கு வந்தா எனக்குப் பேச்சே வராதுங்க" என்பார்.

அதற்கப்புறம் கரை சேரும்வரை பேசுவார்.

ஸ்பானியருக்கு அடிபணிய மாட்டோம் என்று எங்கள் முன்னோர் இந்த உச்சியிலிருந்து குதித்த கதை அவருக்கு உயிர். காலைப் படகில் நூறு பேர் குதிப்பார்கள். மதியம் ஆயிரம். கடைசிப் படகுக்குள் குழந்தை குட்டியோடு ஊரே குதித்துத் தீர்ந்திருக்கும். அப்படியானால் டான் எர்மீலோவின் பாட்டனுக்குப் பாட்டன் எங்கிருந்து முளைத்தார்? யாரும் கேட்பதில்லை. படகில் வந்து கணக்குக் கேட்பார்களா?

சந்தேகப் பிராணிகளும் எப்போதாவது வருவதுண்டு. ஒருநாள் நான் இருந்த படகிலேயே அப்படி ஒருவர் வந்தார். புவெப்லா நகரத்தில் பல் மருத்துவராம். குடை அகலத்துக்குத் தொப்பி, பக்கத்தில் மனைவி.

"அரசன் முகம்னு சொல்றீங்க, மூக்கு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"மூக்கு போன வருஷ வெள்ளத்துல போயிடுச்சுங்க. மனசால பாருங்க."

மருத்துவரின் மனைவி உடனே பார்த்துவிட்டார். அடுத்த பலகையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கடைசியில் மருத்துவரும் பார்த்தார். ஒரு படகு நிறைய ஆட்கள் இருக்கும்போது, தனக்கு மட்டும் மனசு இல்லை என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. மூக்குப் போன அரசன் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் இந்த இனத்துக்குப் பழைய பாறைகள் போதாது. பசி எடுத்துக்கொண்டே இருக்கும். அப்படித்தான் ஒருநாள் காந்தெலாரியோ மாட்டினான்.

காந்தெலாரியோ மலைச்சுவரில் கயிறு கட்டித் தொங்கி காட்டுத்தேன் எடுக்கிறவன். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் மேலேயிருந்து விழுந்து இறந்துபோனான். ஊர் அழுதது. அவன் மனைவி சோய்லா அந்த விளிம்பில் ஒரு மரச்சிலுவை நட்டாள். டான் எர்மீலோவும் அழுதார். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு வருஷம் அந்த இடத்தை வாய் திறக்காமல் கடந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏதோ ஒரு படகில் ஏதோ ஒரு பயணி, "அங்க என்னங்க சிலுவை?" என்று விரலை நீட்டிவிட்டார். தேன் எடுக்கப் போனவர் விழுந்துவிட்டார் என்று சொன்னால் முடிந்தது. முடிந்துவிடும் என்பதுதானே சங்கடம்? ஆற்றுக்குள்ளிருந்து பச்சைக்கண் அழகி ஒருத்தி அவனைக் கூப்பிட்டாள், அவன் சிரித்துக்கொண்டே குதித்தான் என்று டான் எர்மீலோ சொன்னார். படகு உருகியது. அன்றிலிருந்து காதலர்கள் அந்த இடத்தில் பூ எறிகிறார்கள்.

சோய்லாவுக்கு இதெல்லாம் தெரியாது. மேல்கரைச் சந்தையில், சோளமாவை இலையில் கட்டி அவித்த தமால் விற்கிறவள் அவள். மலைப்பாதை பஸ்ஸில்தான் போவாள், வருவாள். பல் மருத்துவர் வந்த அன்றைக்கு மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதால் கூடையோடு படகில் ஏறி, மருத்துவரின் தொப்பிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில். தொப்பியின் அகலத்தில் டான் எர்மீலோ அவளைக் கவனிக்கவில்லை.

சிலுவை வந்தது. மோட்டார் நின்றது. நான் இருமினேன். பலமாக இருமினேன். அதை அவர் ரசிகரின் உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

"காந்தெலாரியோன்னு ஒரு வாலிபன்" என்று ஆரம்பித்தார். "வீட்டுல பொண்டாட்டி இருந்தா. இருந்து என்ன பண்றது? மனசு பச்சைக்கண்ணிகிட்ட போயிடுச்சு."

"எந்தப் பச்சைக்கண்ணி?" என்றாள் சோய்லா.

"நல்ல கேள்வி, செனோரா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். தொப்பிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க டான். நானும் தெரிஞ்சுக்கறேன். என் புருஷன் யாருக்காகக் குதிச்சார்?"

"இவங்கதான் அந்தப் பொண்டாட்டியா?" என்று மருத்துவரின் மனைவி கணவரின் காதில் கேட்டார். படகு முழுவதும் கேட்டது.

"நான்தாம்மா. அவர் குதிக்கல, விழுந்தார். கயிறு நைஞ்சு போயிருந்துச்சு. மாத்துங்கன்னேன். இந்த ஒரு தடவைன்னார். நான் அப்ப மாசமா இருந்தேன். தேன் கேட்டது நான்தான்."

குரல் உயரவில்லை. கூடையின் பிடியை மட்டும் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தோன்யா சோய்லா, தப்பா நினைச்சுச் சொல்லலீங்க..." என்றார் டான் எர்மீலோ. "கேக்கறவங்களுக்கு ஒரு அழகு வேணும்னு..."

"அவர் அழகாத்தான் இருந்தார். நீங்க சேக்க வேண்டியதில்ல." கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "எம் பொண்ணு இப்ப பேச ஆரம்பிச்சுட்டா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல, உங்கப்பா வேற பொம்பளைக்காக உங்கம்மாவை விட்டுட்டுக் குதிச்சவர்னு சொல்லுவாங்க. அப்ப நான் அவளுக்கு எந்தப் பாறையக் காட்டறது?"

டான் எர்மீலோ தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். மோட்டாரைக் கிளப்பினார்.

மீதிப் பள்ளத்தாக்கை நாங்கள் அறிமுகம் இல்லாமலே கடந்தோம். பாறை வெடிப்புகளிலிருந்து கிளிகள் கத்திக்கொண்டு பறந்தன. பாசி படிந்த சுவரில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மோட்டாரையும் மீறிக் கேட்டது. மருத்துவரால் பொறுக்க முடியவில்லை.

"அது என்னங்க பாறை?"

"பாறைங்க" என்றார் டான் எர்மீலோ.

கரையில் இறங்கியதும் மருத்துவர் படகுச் சங்கத்தில் புகார் கொடுத்தார். பாதிப் பயணத்தில் வழிகாட்டி ஒன்றுமே சொல்லவில்லையாம். வெறும் இயற்கையைத்தான் பார்க்க வேண்டியிருந்ததாம்.

அதற்கப்புறம் டான் எர்மீலோ சிலுவையைக் கடக்கும்போது, "தேனெடுக்க வந்தவர். கயிறு அறுந்து விழுந்தார். பேர் காந்தெலாரியோ" என்று மட்டும் சொல்கிறார். பயணிகள் கொட்டாவி விடுகிறார்கள். மனிதர் பொறுத்துக்கொள்கிறார், அந்த மட்டும் மரியாதை கொடுக்கிறேன்.

இனம் திருந்திவிட்டது என்று நினைத்தீர்களா? மற்ற படகுக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? இப்போது அவர்கள் சொல்லும் கதைப்படி, பனிமூட்டத்தில் கறுப்பு உடைக்காரி ஒருத்தி ஆற்றிலிருந்து எழுந்து, "என் புருஷன் யாருக்காகக் குதிச்சார்?" என்று கேட்பாள்; தப்பாகப் பதில் சொன்னால் படகு கவிழும். சந்தையில் நான் இதை சோய்லாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். தமால் கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி யோசித்தாள்.

"இது இருக்கட்டும்" என்றாள். "இதுல அவர் என் புருஷனாவாவது இருக்கார். கதை சொல்றவங்களும் கொஞ்சம் பயந்துக்கிட்டு இருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். இந்த ஜந்து எங்கோ சியாபாஸ் ஆற்றங்கரையில் மட்டும் வசிக்கிறது என்ற நிம்மதி உங்களுக்கு. ரொம்ப நல்லது. போன மாதம் உங்கள் தெருவில் ஒருவர் காலமானாரே, எப்படி இறந்தார் என்று யாரோ உங்களைக் கேட்டார்களே, மாரடைப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டீர்களா? அல்லது பக்கத்தில் யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அதுக்கு முந்தின நாள் அவங்க வீட்டுல ஒரு சத்தம் கேட்டுச்சு" என்று ஆரம்பித்தீர்களா?

ஆரம்பித்திருந்தால் தயங்காமல் கிளம்பி வாருங்கள். எங்கள் துறையில் வழிகாட்டி இல்லாமல் ஒரு படகு காலியாக இருக்கிறது.