ரவுடிக்குத் துணை

இந்த வீட்டில் யாரோடு யார் வாழ வேண்டும் என்பதை இனி நான்தான் முடிவு செய்வேன். போன மாதம் இப்படி ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். அவசரப்பட்டு என்னை வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லும் வீட்டுக்கு நீளம் ஆறடி, அகலம் இரண்டடி, நான்கு சுவரும் கண்ணாடி. அப்போது குடியிருந்தவன் ஒருவன். பெயர் ரவுடி.

ரவுடி தென் அமெரிக்க சிக்லிட் வகை மீன். கிரீன் டெரர் என்பார்கள். பச்சையும் நீலமும் மின்னும் உடம்பு, வாலில் ஆரஞ்சுக் கரை, ஒரு சாண் நீளம், ஊரளவு கோபம். அதுவரை மூன்று பேரைத் துணைக்கு விட்டுப் பார்த்திருந்தேன். மூவரும் மறுநாளே பாதி வாலோடு கடைக்குத் திரும்பினார்கள். அத்தனை பெரிய தொட்டியில் ஒருவன் மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடைபோடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் அந்த ரகம்தான். குடிநீர் நிலையத்தில் இருபது வருஷமாக இரவுப் பணி. ஊர் தூங்கும்போது ஆறு பம்புகளோடு பேசிக்கொண்டிருப்பவன். பம்புகள் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த வகையில் அது வீட்டைவிட மேல். அங்கே உட்கார்ந்து படித்துப் படித்துத்தான் மீன் சாஸ்திரத்தில் இந்த அளவுக்கு வந்தேன். பட்டம் தர எந்தக் கல்லூரியும் இல்லை. சொன்னால் கேட்க ஆளும் இல்லை.

நான் தீர்மானம் எடுத்த அதே வாரம் என் மனைவியும் ஒரு துணை விஷயத்தை எடுத்தாள்.

“என்னங்க, அண்ணனுக்குக் கால்ல கட்டு போட்டிருக்காங்க.”

“தெரியும். பாவம்.”

“மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது.”

“பாவம், பாவம்.”

“நம்ம வீட்டுல ஒரு ஆறு மாசம் இருக்கட்டுமே.”

அடுத்த ‘பாவம்’ எனக்கே தேவைப்பட்டது.

மச்சான் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவர்தான் ஓய்வு பெற்றார், விசில் பெறவில்லை. விடியற்காலையில் எழுந்து, கண்ணில் பட்டவரையெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நிற்கச் சொல்வார். நான் படுப்பதே காலை எட்டு மணிக்கு. வீட்டில் வெளிச்சம் புகாத படுக்கையறை ஒன்றே ஒன்று. அது என்னுடையது. தடித்த திரையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு, பகலை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்த அறை போனால் என் தூக்கம் போகும். என் தூக்கம் போனால் ஊருக்குக் குளோரின் என்ன அளவில் போகும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

“ஒத்துவராதும்மா,” என்றேன். “அவர் பகல் ஆளு, நான் ராத்திரி ஆளு. குணம் வேற, சத்தம் வேற. பொருத்தம் பாக்காம ஒரே தொட்டியில விட்டா யாராவது ஒருத்தருக்கு வால் போயிடும்.”

“அம்மா போனப்புறம் என்னை வளர்த்தவருங்க அவரு.”

“அதனாலதான் சொல்றேன். அவர் வாலுக்கு ஒண்ணு ஆகிடக் கூடாது பாரு.”

அவள் சண்டை போடவில்லை. “சரிங்க” என்றாள். பதினெட்டு வருஷத்தில் மறுபேச்சில்லாமல் அவள் சரி சொன்ன முதல் நாள். நான் பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டுத் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்கு அவளும் கூட வந்தாள். கடைக்காரர் நியான் டெட்ராக்களைக் காட்டினார். நகத்தளவு இருக்கும், நீலமும் சிவப்புமாக.

“இருபது போடட்டுமா சார்? தொட்டி அழகா இருக்கும்.”

“எத்தனை நிமிஷம்? வாய்க்குள்ள போற சைஸ்ல இருந்தா அது துணை இல்லைங்க, தீனி.”

“அப்ப இந்த மஞ்சள்? ஆப்பிரிக்கா.”

“அதுக்குக் கடினமான தண்ணி வேணும். நம்மாளு மென்மையான தண்ணிக்காரன். கண்டம் விட்டுக் கண்டம் சம்பந்தம் வேண்டாம்.”

கடைக்காரர் மரியாதையோடு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“பொருத்தம்னா வேற என்னங்க பாக்கணும்?”

கேட்டாளே! இருபது வருஷத்துப் படிப்பு மடை திறந்துவிட்டது. அளவு, குணம், சாப்பாடு, யார் எந்த உயரத்தில் நீந்துவார் என்பதுவரை எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஆட்களையும் பொறுக்கினேன். தட்டு மாதிரி தட்டையாக, ரவுடி அளவே, ஆனால் சாந்தமாக ஒரு செவரம். ஓடியே பிழைத்துக்கொள்ளும் சில்வர் டாலர் ஐந்து. கவசம் போட்டதுபோல் தரையோடு கிடந்து பாசி சுரண்டும் பிளெக்கோ ஒன்று.

“இவ்வளவு பாத்தும் பழைய ஆளு அடிச்சா?”

“அடிப்பான். அது அவன் இடமாச்சே. அந்தக் குகை அவனோடது, அந்தக் கட்டை அவனோடது. அதுக்கும் ஒரு வழி இருக்கு.”

“என்ன வழி?”

“புது ஆளை விடறதுக்கு முன்னாடி கல்லு, கட்டை எல்லாத்தையும் இடம் மாத்திடணும். பழைய ஆளுக்கு வயிறு முட்டத் தீனி போடணும். விளக்கை அணைச்சிடணும். முழிச்சுப் பாத்தா இது யாரோட வீடுன்னு அவனுக்கே சந்தேகம் வந்துடும். அடங்கிடுவான்.”

“அவ்வளவு பெரிய ரவுடியா?”

“பாக்கத்தாம்மா முரடு. மூளை கம்மி.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆமாங்க” என்றாள், ரொம்ப அன்பாக. கடைக்காரர் ஏனோ இருமினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபடியே செய்தேன். கல் மாறியது, கட்டை மாறியது, விளக்கு அணைந்தது. மறுநாள் ரவுடி தன் குகையைத் தேடி நாலு சுற்று சுற்றினான். செவரத்தின் எதிரே போய்த் துடுப்பை விரித்தான். யோசித்தான். மடக்கிக்கொண்டான்.

“பாத்தியா?” என்றேன். “எந்த விஷயத்தையும் தெரிஞ்சவன் சொல்றபடி செய்யணும்.”

“இனிமே நீங்க சொன்னபடியேதாங்க” என்றாள்.

ஒரு மனிதன் இதைவிட நிம்மதியாக வேலைக்குப் போயிருக்க முடியாது.

புதன்கிழமை காலை திரும்பி வந்தேன். வாசலிலேயே தட்டோடு நின்றிருந்தாள். அங்கேயே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பரிமாறினாள்.

“போதும்மா.”

“இன்னும் ஒரு கரண்டி. எப்படி இளைச்சுப் போயிட்டீங்க!”

என் இடுப்பைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தில் மூன்று கரண்டி இறங்கியது. எழுந்தபோது கண் சொருகியது. உள்ளே எல்லா ஜன்னலும் சாத்தி, ஒரே இருட்டு. வாசலிலிருந்து என் அறைக்குப் பதினோரு அடி. கண்ணை மூடிக்கொண்டே நடப்பேன். ஏழாவது அடியில் முழங்கால் எதிலோ மோதியது. தடவிப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது.

“இங்க ஏது ஃபிரிட்ஜ்?”

“தூக்கக் கலக்கம் உங்களுக்கு. வாங்க, வாங்க.”

கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். படுத்தேன். அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை.

விழித்தபோது சாயங்காலம். தலைக்கு மேல் ஃபேன் இல்லை, கால்மாட்டில் டேபிள் ஃபேன். ஜன்னலே இல்லை. சாமான் அறை! வெளியே வந்தேன். பீரோ இருந்த இடத்தில் சோபா. சோபா இருந்த இடத்தில் சாப்பாட்டு மேஜை. டிவி என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றது. இதெல்லாம் மச்சானின் பழைய மாணவர்கள் நாலு பேர் முந்தின ராத்திரியே வந்து, அவர் விசிலுக்குக் கட்டுப்பட்டு, ஒரு மணி நேரத்தில் செய்து முடித்த வேலை என்று பிறகு தெரிந்தது. என் அறைக் கதவு திறந்திருந்தது. திரை இல்லை. உள்ளே என் கட்டிலில், வெயில் முகத்தில் பட, கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு மச்சான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல், கட்டை, தீனி, விளக்கு.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஒன்பது மணி நேரம் தூங்கிட்டீங்க. அந்த ரூம்ல வெளிச்சமே வராது பாத்தீங்களா? உங்களுக்குன்னே பாத்து வச்சேன்.”

தூங்கியது உண்மை. ஆனாலும் விடுவதாக இல்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். குரலைத் திரட்டினேன். இது யாருடைய வீடு என்று கேட்டு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று விறுவிறுவென்று அறைக்குள் நுழைந்தேன்.

மச்சான் செய்தித்தாளை இறக்கினார். “வாங்க மாப்ளே. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல மச்சான்,” என்றேன். “இங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா?”