கொசுப் பாரம் அளக்கிற இடத்தில் உன் மகன்

தம்பிக்கு,

இன்னும் உயிரோடிருக்கிற அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். பிறத்தியாருக்குத் தலைவலி கொடுக்கிறவர்களுக்குத் தலைவலி வருவதில்லை.

விஷயம் உன் மகனைப் பற்றியது. வீட்டில் தனியாக விட்டால் அக்கம்பக்கத்தில் சண்டை வளர்ப்பேன் என்று பேத்தி என்னைத் தன் ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போகிறாள், அங்கே உன் மகன்தான் அவளுக்கு மேலதிகாரி என்பது அவள் தலையெழுத்து. அவள் செய்திருப்பது விண்கலத்தைத் தள்ளுகிற இயந்திரம், தீப்பெட்டி அளவுதான், காயவே காயாத ஓர் உப்புத் திரவத்தை மின்சாரம் ஊசிமுனையிலிருந்து பிய்த்துப் பீச்சுமாம், அதில் கலம் நகருமாம், தள்ளுகிற பலம் ஒரு கொசு உட்காருகிற பாரம். அதை அளக்க, காற்றை உறிஞ்சிவிட்ட இரும்புப் பீப்பாய்க்குள் மெல்லிய கம்பியில் ஒரு தண்டைத் தொங்கவிட்டிருக்கிறாள், தண்டு அசைந்தால் திரையில் கோடு ஏறும். நான் பக்கத்து நாற்காலியில், பீப்பாயைத் தாங்கும் சட்டத்தில் காலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். செவ்வாய் பத்தேகாலுக்கு உன் மகன் உள்ளே வந்தான், கோடு குதித்தது. புதன் மூன்று மணிக்கு வந்தான், குதித்தது. வியாழன் மின்சாரமே கொடுக்கவில்லை, அவன் வந்தான், அப்போதும் குதித்தது. "கரன்ட்டே இல்லாம தள்ளுதுன்னா நீ இதுவரைக்கும் எடுத்த அளவெல்லாம் குப்பைம்மா. நாளைக்குள்ள சரியா வரலைன்னா இது கலத்துல ஏறாது" என்றான். மூன்று வருஷ உழைப்பு, குப்பையாம். பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எனக்குப் படிப்பில்லை, ஞாபகம் உண்டு. என் கல்யாணப் படத்தில் நீ குறுக்கே தலையை நீட்டியதில் ஐம்பத்திரண்டு வருஷமாக என் முகம் பாதிதான் தெரிகிறது. அதே தலைதான் உன் மகனுக்கும். வெள்ளிக்கிழமை கதவை மறித்து நானே நின்றேன்.

"அத்தை, இது என் ஆபீஸ்."

"இருக்கட்டும். நீ வந்தா உள்ள கொசு துள்ளுது. வெளியவே நில்லு."

நாள் முழுக்க அவன் நின்றான், நானும் நின்றேன். மின்சாரம் போட்டால் கோடு கொசு அளவுக்கு ஏறியது, நிறுத்தினால் இறங்கியது. உன் வளர்ப்பைவிட அந்த உப்புத் தண்ணீருக்கு ஒழுக்கம் அதிகம்.

ஆகையால் மகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேள். என் பேத்தியிடம் அவன் மன்னிப்புக் கேட்கும்வரை உன் வாசலை மிதிக்க மாட்டேன். உன் மனைவிக்கு என் அன்பு, அவள் பாவம். எல்லோரும் நன்றாயிருங்கள், நீ உள்பட.

அக்கா

பின்குறிப்பு: இதை ஆய்வுக்கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினேன். இன்று உன் மகன் ஊரிலேயே இல்லை. ஆனாலும் கோடு குதித்தது. கல்யாணப் படத்தைப் பற்றி எழுதும்போது திரையைவிட்டே போய்விட்டதாம். பேத்தி குனிந்து என் காலைப் பார்த்தாள். "பாட்டி, கோவம் வந்தா கால் ஆட்டுவியா?" என்றாள். உன் மகனைக் கண்டாலே ஆடும்போலிருக்கிறது. நாளையிலிருந்து நான் வீட்டில். வெள்ளிக்கிழமை எடுத்த அளவு செல்லும், இயந்திரம் கலத்தில் ஏறுகிறது. அவனை ஒன்றும் சொல்லாதே. கடிதத்தைக் கிழிக்க மனமில்லை. காலை ஆடவைத்தது நீதானே.