என் அணி உன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட கதை

மலைக்கு மேற்குப் பக்கம்,
அக்டோபர் 13, 1970, செவ்வாய்.

மதிப்பிற்குரிய மைத்துனர் ருடால்ஃப் ஓந்த்ராக் அவர்கள் சமூகத்திற்கு, அக்காள் கணவன் எமில் பாவ்லிக் தக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

இவ்விடத்தில் என் இடது முழங்காலைத் தவிர யாவரும் சௌக்கியம். தங்கள் மனைவி ஐரீனும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பார்கள் என்று நம்புகிறேன். முக்கால் மைல் தூரத்தில் இருந்துகொண்டு பத்து வருடமாகத் தங்கள் வீட்டுப் படி நான் ஏறாததற்குக் காரணம் தங்களுக்கே தெரியும். ஆனாலும் தாங்கள் எதையும் சொந்த வசதிக்குத் தகுந்தபடிதான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்பதால், நடந்ததை ஒருமுறை எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

1960, கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் விருந்து, தங்கள் வீட்டில். தேன் தடவிய அப்பத்தை உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, காளான் சூப்புக்கு உட்கார்ந்தோம். அப்போது தாங்கள், பஃபலோ ஆலையில் ஒரே ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த தைரியத்தில், அந்த ஊர் அணியையும் சேர்த்து அந்த வருடம்தான் முளைத்திருந்த புது அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கைப் பற்றி ஆரம்பித்தீர்கள். “பாத்துக்கிட்டே இருங்க அத்தான், பத்தே வருஷம், உங்க லீக்குக்குச் சரிசமமா உக்காரும்” என்றீர்கள். மொத்தம் எட்டு அணி. நாற்பது வருடப் பழைய லீக்குக்கு அது சமமா? எனக்கு வந்ததே கோபம். “அந்தச் சர்க்கஸ் கூட்டம் என் லீக்கோட ஒரே பந்தியில உக்கார்ற அன்னிக்குத்தான்டா இனி உன் வாசப்படி மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டு, சூப் ஆறுவதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த விருந்து மேஜையில் சொன்ன சொல்லை மாற்றக்கூடாது என்பது நம் வழக்கம், உங்கள் அப்பா இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். தெருமுனைக்கு வந்தபிறகுதான் தொப்பி உள்ளேயே இருப்பது தெரிந்தது. பனி கொட்டுகிறது, காது இரண்டும் மரத்துவிட்டது, ஆனால் திரும்பிப் போய் எடுத்தால் நான் என்ன மனுஷன்? அது இன்னும் உங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது என்று உங்கள் அக்காள் வெரோனா சொல்கிறாள்.

1966-இல் இரண்டு லீக்கும் சேரப்போவதாகப் பேப்பரில் வந்தது. சேரப்போவது வேறு, சேர்ந்தது வேறு என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். போன வருட ஜனவரியில் இரண்டு லீக்குக்கும் நடந்த இறுதி ஆட்டத்தில் உங்கள் ஆட்கள் ஜெயித்தார்கள், குருட்டு அதிர்ஷ்டம் என்றேன். இந்த ஜனவரியிலும் ஜெயித்தார்கள், அன்றைக்கு எனக்குப் பல்வலி. (என் அணி போன வருடம் பதினாலு ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்தது. அதை இங்கே பேசவேண்டிய அவசியமில்லை.) இந்த வருடம் நிஜமாகவே சேர்ந்துவிட்டார்கள். உங்கள் அக்காள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள், “சேந்துட்டாங்கன்னா அப்புறம் எதுக்குங்க ரெண்டு பிரிவு?”

“ஏண்டி, ரெண்டு பெரிய குடும்பம் சம்பந்தம் பண்ணுது. எவனாவது தன் பேரை விடுவானா? அதனால பழைய லீக்கு பேர்ல ஒரு பிரிவு, புது லீக்கு பேர்ல ஒரு பிரிவு. அவனவன் பங்காளி அவனவன் கூட, அவனவன் ஆட்டத்தைக் காட்டற டிவி ஸ்டேஷன் கூட அவனவனுக்குத் தனி. வருஷத்துல பாதிக்கு மேல தங்களுக்குள்ளயே அடிச்சுக்குவாங்க. கடைசியா இந்தப் பக்கம் ஜெயிச்சவனும் அந்தப் பக்கம் ஜெயிச்சவனும் ஒரு மைதானத்துல மோதுவாங்க” என்றேன்.

“அப்போ நீங்களும் என் தம்பியும் மாதிரின்னு சொல்லுங்க. உங்க ரெண்டு பேரோட கடைசி மைதானம் எது? கல்லறையா?”

அவளுக்கு நாக்கு நீளம், உங்கள் வம்சமே அப்படி. நான் கத்தியை வாங்கி மிச்ச உருளைக்கிழங்கை நானே சீவினேன்.

ஆனால் ரூடி, கதை அதோடு முடியவில்லை. பழைய பக்கம் பதினாறு அணி, புதுப் பக்கம் பத்து. தராசு நேராக நிற்க வேண்டுமென்றால் மூன்று பேர் அந்தப் பக்கம் போயாக வேண்டும், எவனும் போகமாட்டேன் என்கிறான், மாசக்கணக்கில் இழுபறி. கடைசியில் பால்டிமோர், கிளீவ்லாந்து, மூன்றாவது... சிரிக்காதே மச்சான், மூன்றாவது எங்கள் பிட்ஸ்பர்க். ஆளுக்கு மூன்று மில்லியன் டாலர் சீதனம் வேறு! முப்பத்தேழு வருஷம் தொண்டை கிழியக் கத்தி நான் வளர்த்த அணி உன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டது. உன் அக்காளை நான் கூட்டிக்கொண்டு வந்ததற்கு இப்படியா வட்டியும் முதலுமாக வாங்குவது? என் லீக் என்று சொல்லி நான் சபதம் போட்டேன், இப்போது என் லீக்கில் என் அணியே இல்லை, நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

அணி மாறியதும் டிவி ஸ்டேஷனும் மாறியது. அந்தப் பழைய ஸ்டேஷன் கண்ணாடி மாதிரித் தெரியும். இந்தப் புதுசு தெரியாது, ஒரே பனிப்புயல்தான். மலை மறைக்கிறது, வேறென்ன! பக்கத்து வீட்டு கோவாலிக் அம்மாள் தன் வீட்டில் நன்றாகத் தெரிகிறது என்கிறாள், அவள் இருபது வருஷமாக எல்லாமே தன் வீட்டில் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறாள். டென்வர் ஆட்டத்தன்று கூரைமேல் ஏறி ஆன்டெனாவைப் பார்க்கலாம் என்று ஏணி வைத்தேன், நாலாவது படியில் வழுக்கி வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஊறுகாய் முட்டைக்கோஸ் பீப்பாயில் ஒரு காலோடு போய் நின்றேன், முழங்கால் போன கதை அதுதான். பிறகு வெரோனா அலுமினிய வடிதட்டை ஆன்டெனா மாதிரித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றால் ஆட்கள் நிழலாகத் தெரிந்தார்கள். கால்வாசி ஆட்டம் நின்றாள். அப்புறம் “உங்க அணி ஜெயிச்சா என் கைவலி போயிடுமா?” என்று வடிதட்டைக் கீழே வைத்துவிட்டாள். தோற்றுப்போனோம்.

உள்ளூரில் நடக்கிற ஆட்டத்தை உள்ளூர் டிவியில் காட்டமாட்டார்களே, அதனால் போன ஞாயிறு நானே புது மைதானத்துக்குப் போனேன். வந்திருப்பது உன் பஃபலோ. மூன்று வரிசைக்கு முன்னால் ஒருவன் பஃபலோ கம்பளித் தொப்பியோடு தனியாக உட்கார்ந்திருந்தான். எவனோ கிழவன் என்று நினைத்தேன். திரும்பினான், நீ. எப்போதடா இவ்வளவு நரைத்தது? நாங்கள் 23-10 என்று ஜெயித்தோம், இந்த வருஷத்து முதல் வெற்றி. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். உன் பிடரியில் ஒரு தட்டு தட்டி “என்ன மச்சான், சரிசமமா உக்காந்தாச்சா?” என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பத்து வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் என்று தோன்றியது. எழுந்து பார்க்கிறேன், நீ போய்விட்டாய். ஜெயித்தும் வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. கேலி பண்ண ஆளில்லாத வெற்றி என்ன வெற்றி?

ஆகவே தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால்: இரண்டு லீக்கும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டபடியால் என் சபதம் சட்டப்படி காலாவதியாகிவிட்டது. வரும் ஞாயிறு ஹூஸ்டனில் எங்கள் ஆட்டம். மலைக்குக் கிழக்குப் பக்கம் உங்கள் வீட்டில் அந்த ஸ்டேஷன் தெளிவாகத் தெரியும் என்று கேள்வி. எனவே தொலைக்காட்சி பார்க்கும் ஒரே காரணத்துக்காக, வேறெந்தக் காரணமும் இல்லை, மதியம் வரலாம் என்றிருக்கிறேன். ஐரீன் முட்டைக்கோஸ் உருண்டை செய்தால் தடுக்கமாட்டேன். கிறிஸ்துமஸ் விருந்தில் வழிப்போக்கனுக்கென்று வைக்கிற அந்தக் காலித் தட்டை நீ பத்து வருஷமாக நான் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரில்தான் வைக்கிறாயாம், உன் அக்காள் போனவாரம்தான் சொன்னாள். இந்த வீட்டில் எதையும் நேரத்துக்குச் சொல்வதில்லை.

தங்கள் இல்லத்தில் அடுப்பு அணையாமலும் கூரை ஒழுகாமலும் இருக்க ஆண்டவர் அருள்புரியட்டும். ஐரீனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். பஃபலோவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
எமில் பாவ்லிக்

பின்குறிப்பு, வியாழன்: தபால்தலை தேடியதில் இரண்டு நாள் போய்விட்டது. அதற்குள் ஆன்டெனா பார்க்கிற ஆள் வந்தான். கூரைமேல் ஏறினவன் அங்கிருந்தே சிரித்தான். “மலைமேல பழி போடாதீங்க பெரியவரே. யாரோ உங்க ஆன்டெனாவை வேற பக்கம் திருப்பி, துணி காயப்போடற கயித்தால புகைபோக்கியோட இறுக்கிக் கட்டியிருக்காங்க. பரணை ஜன்னல்ல இருந்து எட்டிக் கட்டியிருக்கணும். நல்ல முடிச்சு” என்றான். அந்த முடிச்சை எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக நான் ஆலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பொட்டலத்தில் இருந்த முடிச்சு. அதைக் கட்டிவிட்டுத்தான் உன் அக்காள் கால்வாசி ஆட்டம் வடிதட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்! அவன் அவிழ்த்துத் திருப்பிவிட்டான், படம் கண்ணாடி மாதிரி வருகிறது. கூலி வாங்கிக்கொண்டு அவன் போனதும், வெரோனா கடையிலிருந்து வருவதற்குள், ஒற்றை முழங்காலோடு பரணை ஏறி அதை மறுபடி திருப்பிப் பழையபடியே கட்டிவிட்டேன். அவளிடம் சொல்லாதே. ஞாயிறு ஒரு மணிக்கு வருகிறேன், தொப்பியைத் தூசி தட்டி வை.