வோட்டு அண்ணாச்சியும் மூன்று கருங்கல் படிகளும்

ஊர் உலகத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் வரும். திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் மட்டும் காலையிலும் வரும், சாயங்காலமும் வரும். எல்லாம் பாத்திரக்கடை வோட்டு அண்ணாச்சியின் கைங்கரியம்.

ஆள் வள்ளியூர்க்காரர். சந்துக்கென்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார். எடுத்ததற்கெல்லாம் அதில் வோட்டெடுப்பு. முடிவை அப்படியே கவுன்சிலர் அம்மாவுக்கு அனுப்பி, "ஜனங்க சொல்லியாச்சு, செஞ்சிருங்கம்மா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். கடை மாடியில் குடியிருந்த நான் தினமும் கண் விழித்ததே அந்தக் குரலில்தான்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை நடந்தது. தெருவிளக்கு எரிந்தது. குப்பைத்தொட்டியில்தான் கொஞ்சம் சறுக்கல். எங்கே வைக்கலாம் என்று கேட்டார். 'அடுத்த சந்தில்' அமோக வெற்றி! அடுத்த சந்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் குழு ஆரம்பித்தார்கள். பாவம் அந்தத் தொட்டி, இரண்டு சந்துக்கும் நடையாய் நடந்தது. கவுன்சிலர் அம்மா எங்கள் பக்கம் வருமுன், வோட்டெடுப்பு முடிந்துவிட்டதா என்று போனில் மலையாளத்தில் கேட்பார்: "அண்ணாச்சி, வோட்டு கழிஞ்ஞோ? ஞான் வரட்டே?"

வீட்டிலும் இதே கூத்துதான். இன்றைக்கு மீன் குழம்பா, பாகற்காய்க் குழம்பா என்று வோட்டு வைப்பார். மனைவியும் இரண்டு மகள்களும் வேண்டுமென்றே அவரைத் தோற்கடிப்பார்கள். "மெஜாரிட்டிக்குக் கட்டுப்படணும்வே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பாகற்காயை விழுங்குவார்.

அப்புறம் வந்தது ஒரு மழை. சாக்கடை ஓடை பொங்கி, எதிரே ஓமனா சேச்சியின் டீக்கடைக்குள் முழங்கால் தண்ணீர். கடை அடுப்பு எரியாவிட்டால் சேச்சி வீட்டிலும் எரியாது. வார்டு என்ஜினியர் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஓடையை அடைத்துக்கொண்டிருப்பது அண்ணாச்சி கடையின் மூன்று கருங்கல் படிகள். அண்ணாச்சிக்கோ இரண்டு மூட்டும் தேய்ந்த கேஸ். படி இல்லாமல் அந்த உயரத்துக்கு ஏறவே முடியாது.

அன்றைக்கே குழுவில் கேட்டுவிட்டார்: 'படியை இடிக்கலாமா?' அத்தனை பேரும் 'வேண்டாம்'. தண்ணீரில் நின்றுகொண்டிருந்த சேச்சியே 'வேண்டாம்'. 'இடிக்கலாம்' என்று விழுந்தது ஒரே வோட்டு, அண்ணாச்சியுடையது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருவே இவங்களுக்கெல்லாம் வோட்டு குடுத்தது? தண்ணி என்ன மெஜாரிட்டி பாத்தா உள்ள வருது?" என்று கத்திக்கொண்டே முதல் கடப்பாரையை அவரே போட்டார். வாழ்க்கையில் அவர் மெஜாரிட்டியை மீறியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் டீக்கடையில் அடுப்பு எரிந்தது. அண்ணாச்சி தன் கடை வாசலை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். ஸ்டூல் போட்டுப் பார்த்தும் மூட்டு ஒத்துழைக்கவில்லை. சேச்சி ஓடிவந்து, "கை தரூ அண்ணாச்சி" என்று மேலிருந்து இழுக்க, ஒரு ஆட்டோக்காரர் கீழிருந்து தள்ள, ஒருவழியாக உள்ளே போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நேரத்தில் குழுவில் ஒரு வோட்டெடுப்பு வந்தது. முதல்முறையாக அண்ணாச்சி போடாதது, போட்டது சேச்சி. 'தினமும் அண்ணாச்சியைத் தூக்கிவிடுவது யார்?'

சந்து மொத்தமும் 'நான்' என்று அழுத்தியது.

நான் மாற்றலாகி மதுரைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. குழுவில் என் வோட்டை இன்னும் மாற்றவில்லை.