மேம்பாலத் தூணுக்கு ஒரு வாசகர்

"இதை மூடறது எப்படின்னு மட்டும் சொல்லிக் கொடு அஷ்வத், போறும்" என்றார் வெங்கடராமன்.

"எதை சார்?"

"என் பிளாகை."

அஷ்வத் நாற்காலியைத் திருப்பினான். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியின் அந்தக் கம்பெனியில், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில், இன்டர்நெட்டில் சொந்தமாக ஒரு பிளாக் ஆரம்பிக்காதவர்களை எண்ணிவிடலாம். ஆரம்பித்ததை முறைப்படி மூடியவர் என்று யாரும் கிடையாது. எல்லாரும் பாதியில் போட்டுவிட்டுப் போனவர்கள்தான். ஆனால் வெங்கடராமன் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மேலாளர். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுக் கிளம்பினால்கூடப் பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து பார்ப்பவர். எதையும் திறந்தபடி விட்டுவிட்டுப் போக அவருக்கு வராது.

அந்த பிளாக் பிறந்த கதை சுருக்கமானது. இருபது வருட சேவைக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்துவந்த கம்பெனி, இவர் முறை வந்தபோது திடீரென்று நவீனமாகி, கேமரா வைத்த செல்போன் ஒன்றைக் கொடுத்துவிட்டது. அதில் படம் எடுத்து ஒரு குறிப்பிட்ட விலாசத்துக்கு மெயில் அனுப்பினால், படம் தானே போய் பிளாகில் உட்கார்ந்துகொள்ளும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். கம்பெனி வண்டியோ தினமும் ஓசூர் ரோட்டில் நகராமல் நிற்கும். ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை. தினம் ஒரு தூணை எடுத்துப் போட்டார். கீழே ஒரு வரியும் எழுதினார். "இன்று கம்பி கட்டினார்கள்." மறுநாள், "இன்றும் கம்பிதான்."

அவர் மனைவி அலர்மேல்மங்கை இதை வைத்தே இரண்டு வருடம் சிரித்தாள்.

"லோகத்துல இருக்கறவாள்ளாம் கோயில் தூணைப் படம் எடுப்பா. நீங்க மேம்பாலத் தூணைப் புடிச்சுண்டு நிக்கறேள். இதை யாராவது பாப்பாளா?"

"நீ பாரேன்."

"ஆமா, எனக்கு வேற வேலை இல்லை. நாள் பூரா ஆபீஸ்ல பாலிசி போட வரவா மூஞ்சியைப் பாத்துட்டு, ஆத்துக்கு வந்து உங்க சிமெண்டைப் பாக்கணுமாக்கும்."

ஜெயநகரில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கிளையில் அவளுக்கு வேலை. அவருடைய பிளாகை அவள் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்து அவர் கண்டதில்லை. போன பிப்ரவரியில் சின்ன ஆபரேஷன்தான் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகும் வெங்கடராமன் தூண்களை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கைப் பழக்கம். ஆனால் கேலி பண்ண ஆளில்லாத பிளாகை எதற்காக நடத்துவது? அதனால்தான் மூட வந்திருந்தார்.

அஷ்வத் திரையில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "மூடாதீங்க சார்" என்றான். "உங்களுக்கு ஒரு சந்தாதாரர் இருக்காரு."

"நான் சந்தாவே வாங்கலையேப்பா."

"பைசா இல்ல சார். இதுக்குப் பேர் ஃபீடு. வீட்டுக்குப் பேப்பர் போடற மாதிரி. ஒருத்தர் ஒரு தடவை சேந்துட்டா, நீங்க படம் போடப் போட அவர் கம்ப்யூட்டர்ல போய்த் தானா விழும். எத்தனை பேர் சேந்திருக்காங்கன்னு இங்க பாக்கலாம். இதோ, ஒண்ணு."

"ஒண்ணுன்னா அது நானாத்தான் இருக்கும்."

"நீங்க சேந்தீங்களா?"

"எப்படிச் சேரறதுன்னே எனக்குத் தெரியாதே!"

"அப்போ வேற யாரோ, சார். நிஜமான ஆள்."

வெங்கடராமன் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதுகிறவர்களின் புத்தி தெரிந்ததுதானே. ஆயிரம் பேர் படித்தால் இன்னும் ஆயிரம் பேர் ஏன் படிக்கவில்லை என்று கவலைப்படும். ஒருவர் படித்தால், அவருக்காக உயிரையே விடும். எட்டு மாதமாகக் காலி வீட்டின் பூட்டைத் திறந்து உள்ளே போய்க்கொண்டிருந்த மனிதருக்கு, தான் இன்று எங்கே நின்றோம், எதைப் பார்த்தோம் என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு ஜீவன் உலகத்தில் மிச்சமிருக்கிறது என்பது சாதாரணச் செய்தியா?

அன்று மாலை தூண் படத்தின் கீழே எழுதினார்: "என் வாசகருக்கு வணக்கம். தாங்கள் யார்?"

பதில் இல்லை. மறுநாள் இன்னும் மரியாதையாகக் கேட்டார். அதற்கும் பதில் இல்லை.

"கூச்ச சுபாவம் போல இருக்கு" என்றார் அஷ்வத்திடம்.

"ஆனா உங்க மேல ரொம்பப் பிரியம் சார். அரை மணிக்கு ஒரு தரம் வந்து புதுசா ஏதாவது இருக்கான்னு பாத்துட்டுப் போறாரு. ராத்திரி, விடியக்காலம், ஞாயித்துக்கிழமை, எதுவும் பாக்கி இல்ல."

"ராத்திரியுமா?"

"ராத்திரி பூராவும்."

பாவம், தூக்கமில்லாத ஆத்மா! அதுவும் தன்னைப் போலவே. உடனே வெங்கடராமன் ஜாதிக்காய் உரைத்த பால் ஒரு டம்ளரைப் படம் எடுத்து, "படுக்கும் முன் குடிக்கவும். தூக்கம் வரும்" என்று போட்டார். தூணில்லாமல் வந்த முதல் பதிவு அதுதான்.

"குடிச்சாச்சா?" என்று மறுநாள் அஷ்வத்திடம் கேட்டார்.

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? நேத்து ராத்திரியும் அரை மணிக்கு ஒரு தரம் வந்திருக்காரு."

அப்படியானால் குடிக்கவில்லை. தானே போய்க் கொடுத்தால்தான் உண்டு. அதற்கு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் ஒரே ரோட்டில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களைத் தவிர ஓசூர் ரோட்டுத் தூணை வேறு யார் பார்ப்பார்கள்? ஆகவே வாசகர் இந்தப் பக்கத்து ஆள். கீழ் வீட்டு சுப்ரியாவின் ஜன்னலில் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. போன வாரம் லிஃப்டில் அவருடைய போனைப் பார்த்து, "நல்ல கேமரா அங்கிள்" என்று வேறு சொன்னாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாயங்காலம் பிளாஸ்க்கில் பாலோடு போய் அவள் கதவைத் தட்டினார்.

"உன் கஷ்டம் எனக்குத் தெரியும்மா" என்றார். "இதைக் குடி. எல்லாம் சரியாப் போயிடும்."

சுப்ரியா திகைத்தாள். வந்தவர் பெரியவர், எட்டு மாதம் முன்னால் மனைவியைப் பறிகொடுத்தவர். மறுத்தால் மனம் நோகும் என்று மரியாதைக்கு முழு டம்ளரையும் குடித்தாள். அமெரிக்க நேரத்தில் வேலை பார்க்கிறவள் அவள். அதனால்தான் ராத்திரி விளக்கு. அன்று ஏற்கெனவே அவளுக்கு அசதி. அமெரிக்காக்காரன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோவிந்தப்பா வந்து நின்றார். கன்னடக்காரர், தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துச் சந்தாபுராவில் வளர்ந்ததால் தமிழில் சண்டை போடவும் வரும், சமாதானம் பண்ணவும் வரும்.

"ஏன் சார், அந்தப் பொண்ணுக்குப் பால்ல என்ன கலந்து குடுத்தீங்க?"

"ஜாதிக்காய்தான்."

"எதுக்கு?"

"என் பிளாகைப் படிக்கற ஆள் அவதான்னு நெனச்சேன். அந்த ஆளுக்குத் தூக்கமே கிடையாது."

"என்ன பிளாகு?"

வெங்கடராமன் காட்டினார். கோவிந்தப்பா நாலு தூண் பார்த்தார், ஐந்தாவது தூண் பார்த்தார், கொட்டாவி விட்டார்.

"இதைப் படிக்கறவங்களுக்குத் தூங்கறதுக்குத் தனியா பால் வேணுமா சார்?"

தட்டிய கதவெல்லாம் போதும், இனி வாசகர் தானாகவே வெளியே வரட்டும் என்று வெங்கடராமன் முடிவு செய்தார். அன்றைய பதிவில் எழுதினார்: "வாசகரே, பேசக் கூச்சமாக இருந்தால் பேச வேண்டாம். நாளைக் காலை உங்கள் வாசலிலோ வண்டியிலோ ஒரே ஒரு சாமந்திப் பூ வையுங்கள். நான் புரிந்துகொள்வேன்."

காலையில் கீழே இறங்கினார். சுப்ரியாவின் ஸ்கூட்டரில் சாமந்தி. பக்கத்துக் காரில் சாமந்தி. அதற்கடுத்த காரில் மாலையாகவே சாமந்தி. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினார். பஸ்ஸுக்கு வாழைக்கன்று, நெற்றியில் சாமந்தி. ஆட்டோ, தண்ணீர் லாரி, தூண் கட்டுகிற கிரேன், ஓரமாக நின்ற மண் அள்ளுகிற இயந்திரம், எல்லாவற்றுக்கும் சாமந்தி. ஓசூர் ரோடே மஞ்சளாக நின்றது.

ஒரு கணம், சத்தியமாக ஒரே ஒரு கணம், பெங்களூர் முழுக்கத் தன்னைப் படிக்கிறது என்று அவர் நம்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது கோவிந்தப்பா தன் கார் முன்னால் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். வெங்கடராமன் பாய்ந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

"நீங்களுமா கோவிந்தப்பா!"

"ஏய், விடுங்க சார், குங்குமம் ஒட்டுது! நானும் என்ன?"

"சாமந்தி வெச்சிருக்கேளே!"

"அய்யோ ராமா. இன்னிக்கு ஆயுத பூஜை சார்! பெங்களூர்லயே பொறந்து வளர்ந்தவர் நீங்க, மறந்துட்டீங்களா?"

வெங்கடராமன் கையை எடுத்தார். ஒவ்வொரு வருடமும் முந்தின நாளே மார்க்கெட்டுக்கு அவரை விரட்டி, பூ பத்தவில்லை என்று மறுபடியும் விரட்டுகிறவள் ஒருத்தி இருந்தாள்.

"மறக்கலை" என்றார். "நானா ஞாபகம் வெச்சுண்டதே இல்லை."

கோவிந்தப்பா திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. தன் காரிலிருந்த மாலையைப் பிய்த்து, பாதியை வெங்கடராமனின் பழைய பைக்கில் சுற்றிவிட்டுப் போனார். ஆனால் செயலாளர் செயலாளர்தானே. மாலைக்குள் லிஃப்டில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது: "குடியிருப்போர் ஒருவருக்கொருவர் பானங்கள் கொடுப்பதையும், முன்னறிவிப்பின்றிக் கட்டித் தழுவுவதையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." பெயர் போடவில்லை. தேவையும் இல்லை. அதற்குப் பிறகு லிஃப்டில் எல்லாரும் அவருக்கு இடம் விட்டு, சற்று அதிகமாகவே இடம் விட்டு, நின்றார்கள்.

அவருக்கு முதல்முறையாக வாசகர் மேல் கோபம் வந்தது. இத்தனை கேட்டும் ஒரு வார்த்தை உண்டா? சரி, இனிமேல் படமே கிடையாது. உண்மையிலேயே அக்கறை உள்ள ஆளாக இருந்தால், என்ன ஆயிற்று என்று கேட்கட்டும்.

படம் போடுவதை நிறுத்தினார்.

வண்டி தூண்களுக்கு நடுவே நிற்கும். போன் சட்டைப் பையில் இருக்கும். கை தானாக எழும்பும். அதை மடியில் போட்டு இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். அந்த வாரத்தில் ஒரு தூணின் தலையில் முதல் பாலத் துண்டை ஏற்றி வைத்தார்கள். அதைக்கூட எடுக்கவில்லை.

"போயிட்டாரா?" என்று தினமும் அஷ்வத்திடம் கேட்டார்.

"இல்ல சார். ஒண்ணு, ஒண்ணாத்தான் இருக்கு. அரை மணிக்கு ஒரு தரம் வந்து பாக்கறாரு, ஒண்ணும் இல்லேன்னு திரும்பிப் போறாரு. மறுபடி வராரு."

இது அவர் எதிர்பாராத தண்டனை. பூட்டிய கதவைத் தட்டிவிட்டு, முணுமுணுக்காமல் திரும்பி, அரை மணி கழித்து மறுபடியும் வந்து தட்டுகிற ஒருவரை எப்படித் தாங்குவது? கோபித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை. இந்தப் பொறுமைதான் அவரைக் கொன்றது. உள்ளேயிருந்து காது கேட்காதவர் போல உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

"மூடிடலாம்ப்பா" என்றார் கடைசியில். "ஆள் இல்லைன்னு ஒரேயடியா தெரிஞ்சுட்டா, அவரும் வேற எங்கயாவது போயிடுவார். இல்லேன்னா பாவம், வந்துண்டே இருப்பார்."

அஷ்வத் அரை மனதோடு அந்தப் பக்கத்தைத் திறந்தான். 'நிச்சயமாக அழிக்க வேண்டுமா?' என்று திரை கேட்டது. வெங்கடராமனின் விரல் பட்டனை நோக்கி நீண்டபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"சார், நான் குளோரியா. ஜெயநகர் ஆபீஸ்ல மேடமுக்குப் பக்கத்து சீட்டு. வீட்டுக்கு வந்திருந்தேனே, அந்த... அன்னிக்கு."

"ஆமாம்மா, சொல்லுங்கோ."

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்? நாலஞ்சு நாளா தூணே வரலை. மனசு கேக்கலை, அதான் ரிஜிஸ்டர்லேந்து நம்பர் எடுத்துக் கூப்பிட்டேன்."

வெங்கடராமன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். போனைப் பொத்திக்கொண்டு, "கேட்டுட்டார்! கேட்டுட்டார் அஷ்வத்!" என்றார். பிறகு போனில், "நீங்களாம்மா அது? உங்களையா நான் ஊர் பூராத் தேடிண்டிருந்தேன்? ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லப்படாதா? ராத்திரி பூராத் தூங்காம எதுக்கும்மா என் தூணையே பாத்துண்டு..."

"நானா?" குளோரியா சிரித்தேவிட்டாள். "நான் ராத்திரி ஒன்பதுக்கே குறட்டை விடற ஆளு சார். இந்த ஃபீடு கீடெல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்து டேபிள்ல 'டிங்'னு சத்தம் கேட்டா எட்டிப் பாப்பேன், அவ்வளவுதான். அது பாட்டுக்கு ராத்திரி பகலா தானா ஓடிட்டிருக்கும், கரண்டு போய் வந்தா திரும்ப ஆன் பண்ணி விடறது மட்டும்தான் என் வேலை."

"எதை ஆன் பண்ணி விடறேள்?"

"மேடம் கம்ப்யூட்டரைத்தான் சார், ஆபரேஷனுக்குக் கிளம்பற அன்னிக்கு, 'குளோரியா, இதை மட்டும் யாரும் அணைச்சுடாம பாத்துக்கோ, எங்காத்து மனுஷர் தினம் ஒரு தூண் போடுவார், நான் வந்து மொத்தமாப் பாத்துக்கறேன், ஆனா அவர்கிட்ட சொல்லிடாதே, ரொம்பத் துள்ளுவார்'னு சொல்லிட்டுப் போனாங்களே சார்."