எழுபத்து நான்கும் என் தலைமுடியும்

காதலிக்கிறவனுக்குக் கண்ணாடி முன்னால் நிதானம் இருக்காது. எனக்கும் அன்று இல்லை. (இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

அடையாறில் ஓர் ஆய்வகத்தில் பாலிமர் செய்துகொண்டிருந்தேன். நான் செய்த சரக்கை அன்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்க்க வேண்டும். மாலைக்குள் ஆய்வகத் தலைவரான சார், பணம் போட்ட கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சரியாக வரவில்லையென்றால் ப்ராஜெக்டும் இல்லை, நானும் இல்லை. எனக்கோ வேறு கவலை. இயந்திரத்தை ஓட்டுபவள் சாந்தோம் ஜெசிந்தா. தி.நகரில் வாங்கிய பளபளா சீரத்தைப் பாதி பாட்டில் தலையில் கொட்டிக்கொண்டு போனேன். முடியைக் கோதிய அதே கையால், கையுறைகூட இல்லாமல், இயந்திரத்தின் உலோகத் தட்டில் என் சரக்கை ஒரு சொட்டு வைத்தேன்.

பாலிமர் ஒரு பூச்சரம் மாதிரி. திரையில் வரிசையாக எழும் கூம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் ஒரு பூவின் எடை. பூக்களையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது இரு முனையிலும் உள்ள முடிச்சு. என் சரத்தில் ஒரு பூ நாற்பத்து நான்கு. வந்ததோ எழுபத்து நான்கு!

“சார், புதுசா ஒண்ணு உருவாயிருக்கு!” என்று கத்தினேன். சார் ஓடிவந்தார். கம்பெனியைக் கூப்பிடப் போனையும் எடுத்துவிட்டார்.

“ஒரு நிமிஷம் சார்,” என்றாள் ஜெசிந்தா. பூக்களைக் கழித்து மிச்சத்தைப் பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள்.

“தலைக்கு என்ன போட்டிருக்கீங்க?”

“சும்மா... சீரம்.”

“பூவும் சிலிக்கோன், முடிச்சும் சிலிக்கோன். சீரத்துல பளபளக்கிறதே அதுதான். இது உங்க பாலிமர் இல்ல, உங்க கிராப்பு.”

என் முடியைத் தொட்ட விரலைத் தட்டின் காலியிடத்தில் வைக்கச் சொல்லி ஓட்டிக் காட்டினாள். அச்சு அசலாக அதே வரிசை. சார் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “போய் தலைய அலசிட்டு வாப்பா,” என்றார்.

ஈரத்தலையோடு திரும்பி வந்தபோது ஜெசிந்தா தட்டைக் கழுவித் தயாராக வைத்திருந்தாள். இம்முறை கையுறையோடு வைத்தேன். நாற்பத்து நான்கு வந்தது, முடிச்சுகளும் நான் போட்டபடியே இருந்தன. ப்ராஜெக்ட் பிழைத்தது. மிச்ச எடையை வைத்தே ஒருவனின் தலையைக் கண்டுபிடிக்கிறவளை எப்படி வியக்காமல் இருப்பது? இன்றுவரை வியந்துகொண்டுதான் இருக்கிறேன், ஒரே வீட்டில்.

எனக்கு முன்பே இந்தக் கதை அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கல்யாணத்தன்று மேக்கப்காரர் பாட்டிலோடு என் தலையை நெருங்கியதும் மச்சான், “நைனா, எழுபத்திநாலு வந்துகினு கீது, புடி!” என்று கத்தினார். மொத்தக் கூட்டமும் சிரித்தது, மணப்பெண்ணையும் சேர்த்து. மேக்கப்காரர் பயந்துபோய் பாட்டிலை மூடிவிட்டார்.

ஆல்பத்தில் எல்லோரும் பளபளக்கிறார்கள். மாப்பிள்ளை தலை மட்டும் பரட்டை.