மேகம் பார்த்த மாப்பிள்ளை

மாமியார் வீட்டு அலமாரியைத் திறந்ததும் மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். மடித்த துணிகளுக்கு நடுவே, முத்துமுத்தாக அந்துருண்டைகள்.

அவன் ரத்தத்தில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. அம்மா வழியாக வந்த சொத்து. மற்ற நாளில் ஆள் கல்லுக்குண்டு. அந்துருண்டை நெடி பட்டால் மட்டும் சிவப்பணுக்கள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் சொல்ல முகம் இல்லை. சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று மனைவியோடு இங்கே வந்து மாட்டிக்கொண்டான்.

வானிலை அலுவலகத்தில் மேகம் பார்ப்பது அவன் வேலை. அதையே சாக்காக்கினான்.

"மாடியில படுத்தாத்தான் அத்தை, விடியக்கால மேகம் பிடிபடும்."

மாமியார் பூரித்துப் போனார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த மாமனார், மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாடி சொர்க்கமாக இருந்தது. வெளுக்கத் தொடங்கிய வானத்தில் மேகங்கள் மெல்ல மிதந்தன. பார்த்துக்கொண்டே கிடந்தால் மேகம் நிற்பதும் வீடு நகர்வதுமாகத் தோன்றியது. அந்தச் சுகத்தில் கண் சொருகும்போதுதான், மாப்பிள்ளை குளிரில் விறைக்கிறாரே என்று மாமியார் வந்து ஒரு கம்பளியைப் போர்த்தினார். வருஷக்கணக்காக டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு குடித்தனம் நடத்திய கம்பளி.

கம்பளி அரிக்கிறது என்றான். பெட்டியின் அடியிலிருந்து பஞ்சு வைத்த பட்டுப் போர்வை வந்தது. யாரும் பார்க்காதபோது உருண்டைகளைப் பொறுக்கிச் சாக்கடையில் போட்டான். எலி தூக்கிப் போகிறது என்று முடிவு கட்டிய மாமியார், போர்வையின் நாலு மூலையிலும் உருண்டையை வைத்துத் தைத்தே விட்டார்.

கண் மஞ்சளித்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. அன்று காலை மேகங்கள் கீழே இறங்கி வந்து அவனை நலம் விசாரித்தன. அதில் ஒரு மேகத்துக்கு மாமனார் முகம்.

"கிளம்புங்க மாப்பிள்ளை" என்றது அது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாரையும் வைத்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தார். சரியாகிவிடும், ஆனால் அந்துருண்டை பக்கமே போகக்கூடாது என்றார். மனைவி அவன் கையை விடவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஓட்டை உடைசல் மாப்பிள்ளையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைப்பீர்களோ என்று பயந்தேன் என்றான் அவன்.

மாமியார் மூக்கை உறிஞ்சினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெட்டியையே தூக்கி எறிஞ்சிருப்பேன். கட்டினவகிட்ட போய் இதையெல்லாம் மறைப்பாங்களா யாராவது? நீங்களே சொல்லுங்க" என்று கணவர் பக்கம் திரும்பினார்.

மாமனார் ஜன்னலுக்கு வெளியே மேகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளுக்கோஸ் பாட்டிலோடு உள்ளே வந்த நர்ஸ், அவரைக் கண்டதும் பழகிய முகத்தைப் பார்த்ததுபோலச் சிரித்தாள்.

"என்ன சார், நீங்க இன்னும் வீட்டுல சொல்லவே இல்லையா?"